பழசைக் கொண்டுவரச் சொன்னவர்

வாலாஜாவில் அந்தக் கடைக்கு முதன்முதலாகப் போனபோது நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இறங்கும் அளவுக்கு அங்கே வேலை இருக்கும் என்று நினைக்கவில்லை. டூவீலரை ஓரங்கட்டி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, டிராக்டரின் பெயரையும் மாடல் நம்பரையும் சத்தமாகச் சொல்லி, "ஹைட்ராலிக் ஃபில்டர் ஒண்ணு, இன்ஜின் ஆயில் ஃபில்டர் ஒண்ணு" என்றேன். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால், பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்கு மேலே ஒரு புங்கமரம். கூரையில் பச்சை ஃபைபர் ஷீட். வெயில் இலை வழியாக இறங்கி, ஷீட் வழியாக இறங்கி, தண்ணீருக்கு அடியில் தெரிகிற வெளிச்சம்போல அவர் முகத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"பழசு எங்க?" என்றார்.

"இன்னா பழசு?"

"கழட்டுன ஃபில்டரு."

"அது எதுக்குக்கா? நம்பர்தான் சொல்றேனே."

"நம்பரு அட்டைல கீது. ஃபில்டரு வண்டில கீது. போய் எடுத்துனு வா."

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு மாதம் முன்னாலேயே பிறந்தவன் என்று என் அம்மா சொல்வாள். காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பிப் போய், பழசைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி வந்தபோது மூக்குக்கு மேல் கோபம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் திட்ட முடியவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் யாருக்குமே குரல் எழும்பாது. ஹைவேயில் போகிற லாரிச் சத்தம்கூட எங்கோ தூரத்து ஊரில் கேட்பதுபோல இருக்கும்.

பழைய ஹைட்ராலிக் ஃபில்டரை அவர் வாங்கிய விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு கையாலும் வாங்கினார். தகர டப்பாவை மெதுவாகச் சுற்றி, கட்டைவிரலால் அதன் மேல் தடவினார். ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். துளையில் மூக்கை வைத்து முகர்ந்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். பிறகு தலைகீழாகப் பிடித்து ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு சொட்டு எண்ணெய் விழவிட்டு, அது பரவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சேத்துல வண்டிய முங்கவுட்டியா?" என்றார் கடைசியில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன நாற்றங்கால் சமயம் கழனியில் வண்டி இறங்கி, பின்சக்கரம் மூழ்கி, இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுத்தோம். வீட்டிலேகூட முழுசாகச் சொல்லாத விஷயம் அது.

"எப்படிக்கா தெரியும்?"

"எண்ண பால் கலராக் கீது பாரு. தண்ணி பூந்திருக்கு. ஃபில்டர் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, எண்ணயும் மாத்து. இல்லன்னா நாலு நாளுல கலப்பை தூக்கற லிஃப்டு நடுங்கும்."

அதற்குப் பிறகுதான் அலமாரிப் பக்கம் எழுந்து போனார். அங்கே எனக்கு ஒரே மாதிரித் தெரிந்த கறுப்பு டப்பாக்கள் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். நான்கை எடுத்தார், மூன்றைத் திரும்ப வைத்தார். மீதியிருந்த ஒன்றைப் பழசின் பக்கத்தில் நிறுத்தி, வாஷரோடு வாஷர் வைத்து, துளைகளை எண்ணி, வாயால் ஊதிப் பார்த்து, "இது" என்றார். எங்கள் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இத்தனை யோசிக்கவில்லை. இதை அவரிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சிருக்கணும், அந்தப் பொண்ணு" என்றார்.

அக்கா இந்தக் கடைக்கு வருவதற்கு முன்பு மேல்விஷாரத்தில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற செக்ஷனில் இருந்தவர். பதப்படுத்திய தோலை மேஜைமேல் விரித்துப் போட்டு, தழும்பு எங்கே, ஓட்டை எங்கே என்று தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடுகிற வேலை. கடை அவர் வீட்டுக்காரருடையது. அவர் காலமான பிறகு அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் உட்கார்ந்தாராம். கடைக்கு வருகிறவர்களோ அட்டை நம்பரை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அதனால் தெரிந்த வேலையையே செய்ய ஆரம்பித்தார்.

"மாடு எங்க முள்ளுல மாட்டுச்சு, எங்க உண்ணி கடிச்சுது, எந்த எடத்துல சூடு போட்டாங்க, எல்லாம் தோலு சொல்லிடும். உங்க வண்டி மட்டும் சொல்லாம இருக்குமா?" என்று ஒருநாள் கேட்டார். என்னைக் கேட்டாரா, கையிலிருந்த ஃபில்டரைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் பேசும்போது பாதி நேரம் அப்படித்தான் இருக்கும்.

அவரால் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பழக்கமே வந்துவிட்டது. புது ஃபில்டர் வாங்கப் போகும்போது வண்டியில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. கழற்றினால் எண்ணெய் பூராவும் தரையில். அதனால் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும், கழற்றியதைத் தூக்கிப் போடாமல் மாட்டுக் கொட்டகையிலோ மோட்டார் கொட்டாயிலோ ஒரு ஆணியில் தொங்கவிட்டுவிடுவோம். அடுத்த தடவை அதை எடுத்துக்கொண்டு வாலாஜா போவோம். ஆக, அக்கா பார்ப்பது எப்போதும் போன தடவைக் கதை. அது அவருக்கு ஒரு குறைதான். "கழட்டுன அன்னிக்கே எடுத்தாந்து காட்டுங்கன்னா எவன் கேக்கறான்?" என்பார். ஃபில்டரைக் காட்டுவதற்கென்று தனியாக ஒருநாள் யார் போவார்கள்?

எங்களில் அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போவதும் உண்டு. அப்படிப் போன ஒருவர், இன்ஜின் ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்து ஹைட்ராலிக் இடத்தில் மாட்டிவிட்டார். உயரமும் ஒன்றுதான், மரையும் ஒன்றுதான், அழகாக ஏறிவிட்டது. பனிக்காலக் காலையில் கலப்பை தூக்கவே மாட்டேன் என்றது. உழுகிற நேரத்தில் இரண்டு நாள் வண்டி நின்றது. கடைசியில் அக்காவிடம் வந்து நின்றார். அக்கா இரண்டு ஃபில்டரையும் அந்த ஆள் கையிலேயே கொடுத்து, ஊதிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் காற்று தாராளமாகப் போயிற்று. இன்னொன்றில் அவர் கன்னம்தான் உப்பியது. "மரை ஏறுதுன்னு மாட்டுனியே, மூச்சு போவுதான்னு பாத்தியா? கெட்டி எண்ண அதுல எப்படிப் போவும்?" என்றார். திட்டவில்லை. அவருக்குத் திட்டவே வராது. அந்த ஃபில்டருக்காக வருத்தப்படுவதுபோல அதைத் துணியால் துடைத்து வைத்தார்.

இப்போது அவர் அங்கே இல்லை. மகளோடு ஓசூர் போய்விட்டார். ஆனால் நான் அவரை நினைப்பது ஃபில்டர் மாற்றும்போது அல்ல. என் பெரியப்பா மகனைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

பெரியப்பா மகன் எனக்கு மூன்று வயது மூத்தவர். எங்கள் கழனிகள் பக்கத்துப் பக்கத்தில். நன்றாக இருந்த காலத்தில் ஒரே மாதத்தில், ஒரே மாடலில் ஆளுக்கொரு டிராக்டர் எடுத்தோம். அப்புறம் ஏரித் தண்ணீர் முறையில் தகராறு. என் முறை முடிவதற்குள் அவர் மடையை மாற்றிக் கட்டினார் என்று நான் சொன்னேன், இல்லை என்று அவர் சொன்னார். மண்வெட்டி வரைக்கும் போயிற்று. ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் என் மனைவியும் அவர் மனைவியும் ராணிப்பேட்டையில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்டு. எங்கள் சண்டையை அவர்கள் சட்டை செய்யவே இல்லை.

ஒருநாள் நான் ஹைட்ராலிக் ஃபில்டர் வாங்கக் கிளம்பியபோது எங்கள் கொட்டகை ஆணியில் பழசு இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவனுக்கு என் மனைவி தூக்கிப் போட்டுவிட்டாள். நான் குதித்தேன். அவள் அசரவில்லை. "இரு, அந்த வூட்டு அக்காகிட்ட கேட்டு வாங்கினு வர்றேன். அவுங்க போன வாரம்தான் மாத்துனாங்க. ரெண்டும் ஒரே வண்டிதான?" என்று போய், பஸ் வருவதற்குள் அந்த வீட்டு ஃபில்டரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். "அவருக்குத் தெரியாது, சாயங்காலம் திருப்பித் தந்துடணும்" என்றாள். வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டேன்.

வழியில் அந்த அண்ணனையே பார்த்தேன். அவர் மோட்டார் கொட்டாய் முன்னால் டிராக்டரை நிறுத்தி, பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டருக்கான புதுக் கத்திகளைச் சாக்கின்மேல் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். தேய்ந்த கத்திகளைக் கழற்றிப் புதிது போடப்போகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

கடையில் அன்று வேறு யாரும் இல்லை. லேசான காற்று. பச்சை வெளிச்சம் அக்காவின் கைகளில் மெல்ல ஆடியது. ஃபில்டரை வாங்கினார், தடவினார், குலுக்கினார். குலுக்கியது பாதியில் நின்றது. தாளில் எண்ணெயைச் சொட்டினார். அதில் மிளகு நுணுக்கியதுபோலக் கறுப்பாக ஏதோ இருந்தது. காந்தத்தைக் கொண்டுபோனார், அது ஒட்டவில்லை. விரலால் தேய்த்தார், ரப்பரால் அழித்த பென்சில் எழுத்துப்போல இழுபட்டது. ஹாக்சா பிளேடை எடுத்து டப்பாவைச் சுற்றி அறுத்தார். உள்ளே இருந்த காகித மடிப்புகளை எடுத்து, மேஜைமேல் ஒரு தோலை விரிப்பதுபோல நீளமாக விரித்தார். மடிப்புக்கு மடிப்பு கறுப்புத் துணுக்குகள்.

"லிஃப்டு சீலு," என்றார். "ரப்பரு துண்டு துண்டா பிஞ்சி வந்துனு கீது. உன் லிஃப்டு நிக்காதுப்பா. தூக்கி வச்சது எப்ப வேணாலும் எறங்கிடும்."

என் வண்டி இல்லையே என்று முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் வந்தது. கூடவே ஒரு அற்பச் சந்தோஷமும் வந்தது: அவன் வண்டிக்கு வேணும். அப்புறம்தான் சாக்கின்மேல் பரப்பியிருந்த கத்திகள் ஞாபகம் வந்தன.

"அக்கா, ரோட்டவேட்டர தூக்கி வச்சி, கீழ படுத்து கத்தி மாத்துனா..."

அவர் நிமிர்ந்தார். "கீழ கட்ட முட்டு குடுத்திருப்பாங்களா?"

"எங்க ஊர்ல யாரும் முட்டு குடுக்கறதில்ல."

"யாரு பூந்திருக்காங்க கீழ?"

சொன்னேன். இது என் ஃபில்டர் இல்லை என்பதையும், பெரியப்பா மகனையும், ஆறு வருடத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"போன் பண்ணு."

"நம்பர் இல்லக்கா. அழிச்சிட்டேன். அவுரு வூட்டுக்காரிக்கும் பண்ண முடியாது, கம்பெனில போன கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க. அந்தக் கழனிப் பக்கம் வேற ஆளே இருக்க மாட்டாங்க. நான் போயி சொன்னாலும் அவுரு..."

"அவுரு?"

"நாங்க பேசறதில்லக்கா."

அக்கா கறுப்புப் படிந்த தன் விரல்களைப் பார்த்தார். அப்போது அவர் சொன்னதை அதே மெதுவான குரலில்தான் சொன்னார். "நான் இருந்த தோலு கம்பெனில பக்கத்து செக்ஷன்ல ஒரு ஷேவிங் மெஷினு, தோல சீவறது. மூணு நாளா சத்தம் மாறிக் கேட்டுச்சு எனக்கு. நம்ம செக்ஷன் இல்லியேன்னு வுட்டுட்டேன். நாலாம் நாளு ஒரு பொண்ணுக்கு நாலு வெரலு போச்சு. என் கல்யாணத்துக்கு மருதாணி வச்சது அந்தப் பொண்ணுதான்."

பிறகு தன் போனை எடுத்தார். அண்ணனும் அவர் வாடிக்கையாளர்தான், நம்பர் இருந்தது. அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். "நீ போ," என்றார் என்னிடம். "நான் அடிச்சினே இருக்கேன். போ."

அந்தப் பதினைந்து கிலோமீட்டர் எப்படிப் போனேன் என்று சரியாக ஞாபகமில்லை. வண்டி பறந்தது. ஆனால் எதுவுமே நகராததுபோல இருந்தது. ரோட்டோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து, நின்று, யோசித்துப் போயின. ஏரிக்கரை வந்ததும் வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். அதில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். சின்ன வயதில் அண்ணன்தான் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நீந்துவார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். ஐயோ, ஒரு மடைத் தண்ணீருக்காக இந்த ஆளிடம் ஆறு வருடம் பேசாமல் இருந்தேனே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

மோட்டார் கொட்டாய் தெரிந்தது. டிராக்டர் நின்றது. பின்னால் ரோட்டவேட்டர் உயரே தூக்கியபடி நின்றது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் அசைந்தது.

"ண்ணா! வெளிய வா!"

"யார்ரா அது?" ஸ்பேனர் சத்தம் நின்றது. என்னை அடியிலிருந்தே எட்டிப் பார்த்தார். "நீயா? நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

"மொதல்ல வெளிய வாண்ணா!"

"தண்ணி மொறயப் பத்தின்னா பஞ்சாயத்துல பேசு. வேலையா இருக்கேன்."

இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். அவர் கத்தினார், உதைத்தார். முதுகெல்லாம் மண்ணில் தேய வெளியே வந்து விழுந்தார். எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "பைத்தியமாடா உனக்கு?" என்று கையை ஓங்கினார்.

"ரெண்டு நிமிஷம் இருண்ணா. உன் வண்டி சீலு போயிடுச்சி. லிஃப்டு நிக்காது. வாலாஜா அக்கா சொன்னாங்க."

"இன்னாத்த நிக்காது? அதோ நிக்குது பாரு, குத்துக்கல்லு மாதிரி!"

நின்றதுதான். அசையாமல், யாரையும் ஒன்றும் செய்யாத ஜீவன்போல நின்றது. எனக்கு அவமானமாகிவிட்டது. அண்ணன் என்னை உதறிவிட்டு மறுபடியும் குனிந்து உள்ளே போகப் பார்த்தார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இருவரும் மூச்சு வாங்கினோம். கொட்டாய்ப் பக்கம் வேப்பமரத்தில் ஒரு செம்போத்து கூவியது. அப்போது அண்ணன் உடம்பில் திமிறல் நின்றது.

"டேய்," என்றார் மெதுவாக. "கத்திக்கும் தரைக்கும் நடுவுல ஒன்ற மொழம் இருந்துச்சுடா."

இப்போது ஒரு முழம்தான் இருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது இறங்கியது. சத்தமே இல்லை. எருமை படுப்பதற்கு முன்னால் முன்னங்காலை மடக்குவதுபோல, அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. பார்த்துக்கொண்டே இருந்தோம். கனவில் நடக்கிற மாதிரி இருந்தது. கை காலை அசைக்க முடியவில்லை. பிறகு உள்ளே எங்கேயோ ஒரு பெருமூச்சு கேட்டது. மொத்தப் பாரமும் சொத்தென்று விழுந்தது. அவர் தலைமாட்டில் கிடந்த ஸ்பேனரைக் காணோம். மண்ணுக்குள் போயிருந்தது.

புழுதி அடங்கியது. கொட்டாய்க்குள் அவர் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, உடனே மறுபடி அடித்தது. நான்தான் போய் எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அவர் விழுந்து கிடந்த ரோட்டவேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"வெளிய வந்துட்டியாப்பா?" அக்காவின் குரல்.

"வந்துட்டேங்க்கா," என்றார் அண்ணன்.

"தம்பி வந்துச்சா?"

"பக்கத்துலதான் கீறான்."



"வண்டிய வுட்டு எவ்ளோ தூரத்துல நிக்கறீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "பத்தடி இருக்கும்க்கா."

"இன்னும் பத்தடி தள்ளி நில்லுங்க. ரெண்டு பேரும்."

விழவேண்டியது விழுந்தாகிவிட்டது. இனிமேல் தள்ளி நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே பின்னாலேயே நடந்து, பத்தடி தள்ளிப் போய் நின்றோம்.